ஜீயபுரத்தில் சாகாத ஒரே பேட்டரி

எங்கள் முதலாளி இரும்பில் வளர்ந்தவர். துவாக்குடியில் அவருக்கு ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட் இருந்தது. பெரிய ஆலைகளுக்கு வேண்டிய ஏணி, தொட்டி, குழாய்த் தாங்கி எல்லாம் அங்கேதான் வெட்டி ஒட்டி லாரியில் ஏறும். அந்தத் தொழிலில் எதையும் எடை போட்டுத்தான் பேசுவார்கள். ஆர்டர் வறண்டுபோன ஒரு வருஷம் அவர் சென்னையில் ஏதோ கருத்தரங்குக்குப் போய்வந்தார். அடுத்த சில மாதங்களில் ஷெட்டுக்கு மேல் ஒரு மாடி எழுந்தது. ஏசி வந்தது. கண்ணாடிக் கதவில் ‘ஸ்மார்ட் விவசாயம்’ என்று பச்சை எழுத்தில் ஒட்டினார்கள். அந்தக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து ரேடியோ அலை அனுப்பும் சர்க்யூட்டை வடிவமைக்கத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்.

நான் பத்து வருஷம் பெங்களூரில் அந்த வேலையைத்தான் பார்த்தேன். கணவருக்குத் திருச்சியில் ரயில்வே வேலை, வீடு ஸ்ரீரங்கத்தில். வெள்ளிக்கிழமை ரயில், ஞாயிற்றுக்கிழமை ரயில் என்று குடும்பம் நடத்தி அலுத்துப்போயிருந்த சமயத்தில் இந்த வேலை கிடைத்தது. ஸ்ரீரங்கத்தில் காலையில் குழம்பு வைத்துவிட்டு துவாக்குடியில் போய் டிரான்ஸ்மிட்டர் செய்யலாம் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

முதல் சர்க்யூட் போர்டு தயாரானதும் கொண்டுபோய் முதலாளியின் மேஜையில் வைத்தேன். அவர் அதை உள்ளங்கையில் வைத்துத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

“என்னம்மா இது, அம்பது கிராம் கூட தேறாது போலிருக்கே?”

“சின்னதா இருக்கறதுதான் சார் நல்லது.”

“அதெல்லாம் சரி. கையில வாங்கறவனுக்கு ஒரு நம்பிக்கை வரணும் இல்ல?”

நான் சிரித்துவிட்டு வந்தேன். அன்றைக்கு அவர் சொன்னதைக் கொஞ்சம் கவனித்துக் கேட்டிருக்கலாம்.

கருவியின் வேலை எளியது. வாழைத் தோட்டத்தில் ஒரு கம்பு நட்டு அதில் மாட்டுவோம். மண்ணில் செருகிய கோல் ஈரத்தை அளக்கும். அரைமணிக்கு ஒரு தடவை டிரான்ஸ்மிட்டர் அந்த அளவை ஊர்த் தண்ணீர்த்தொட்டி மேல் இருக்கும் ரிசீவருக்கு அனுப்பும். அங்கிருந்து விவசாயியின் செல்போனுக்குப் போய்விடும். ரிசீவர் ‘வந்து சேர்ந்தது’ என்று ஒரு பதில் கொடுக்கும். பதில் வராவிட்டால் டிரான்ஸ்மிட்டர் மறுபடி அனுப்ப வேண்டும். எத்தனை தடவை அனுப்புவது என்று தீர்மானிக்க ஒரு மீட்டிங் நடந்தது.

“ஒரு மெசேஜ் கூட மிஸ் ஆகப்படாது மேடம்,” என்றார் விற்பனை மேலாளர். “கெடைக்கற வரைக்கும் அனுப்பிண்டே இருக்கணும். மத்தது ரங்கன் க்ருபை.” அவரும் ஸ்ரீரங்கத்துக்காரர். விற்றதெல்லாம் தன் திறமை, விற்காததெல்லாம் பெருமாள் சங்கல்பம் என்று தெளிவாகப் பிரித்து வைத்திருந்தவர்.

மூன்று தடவையோடு நிறுத்துவதுதான் முறை என்று எனக்குத் தெரியும். ஆனால் மீட்டிங் இரண்டு மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது, எனக்கு அகோரப் பசி. சரி என்று சொல்லிவிட்டேன்.

‘பேட்டரி ஒரு வருஷம்’ என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்ததும் அவர்தான். “ஒரு வருஷம்னா கேக்கறதுக்கு லட்சணமா இருக்கு மேடம்” என்றார். என் மேஜையில் அளந்து கணக்குப் போட்டபோது பதின்மூன்று மாதம் வந்தது. அதனால் நானும் வாயைத் திறக்கவில்லை.

ஜீயபுரம் பக்கம் ஐம்பது வாழைத் தோட்டங்களில் ஐம்பது கருவிகளை மாட்டினார்கள். பத்தொன்பதாவது நாள் முதல் போன் வந்தது. அந்த வாரம் முடிவதற்குள் கருவிகள் வரிசையாகப் பேசாமல் போயின. பேட்டரி சுத்தமாகக் காலி.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். “ஒரு வருஷம்னு சொன்னீங்க. பத்தொம்பது நாள்ல செத்துப்போச்சு. என்னம்மா கோளாறு?”

“ஆம்ப்ளிஃபையர் எஃபிஷியன்சிய இன்னும் ஏத்தலாம் சார்,” என்றேன்.

அது பொய் இல்லை. எந்த டிரான்ஸ்மிட்டரிலும் கடைசியில் அலைக்குப் பலம் கொடுத்து ஆண்டெனாவுக்குத் தள்ளுவது ஆம்ப்ளிஃபையர். பேட்டரியை அதிகம் குடிப்பதும் அதுதான். பேட்டரி பத்துப் பங்கு கொடுத்தால் என் சர்க்யூட்டில் நான்கு பங்குதான் அலையாக வெளியே போனது. மீதி ஆறு பங்கும் வெறும் சூடு. அந்த நான்கை ஆறாக்கலாம் என்று எனக்கு வெகுநாளாக ஆசை. பதின்மூன்று மாதம் ஓட வேண்டியது பத்தொன்பது நாளில் நின்றால் குற்றம் ஆம்ப்ளிஃபையரில் இருக்க முடியாது என்று ஐந்தாம் வகுப்புக் கணக்கே சொல்லியிருக்கும். ஆசை இருக்கிற இடத்தில் யார் கணக்குப் பார்க்கிறார்கள்? வியாதி எதுவானாலும் தனக்குத் தெரிந்த ஆபரேஷனையே சிபாரிசு செய்யும் டாக்டர் மாதிரி நானும் என் ஆம்ப்ளிஃபையரைக் கை காட்டினேன்.

நான்கு மாதம் வேலை செய்தேன். சந்தோஷமான நான்கு மாதம், இப்போது நினைத்தாலும். டிரான்சிஸ்டர் மேல் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே நேரத்தில் ஏறி நிற்காமல் பார்த்துக்கொண்டால் சூடு குறையும். அதற்கு அலை வெளியேறும் வாசலில் இருக்கும் காயிலையும் கெபாசிட்டரையும் சரியான அளவில் பொறுக்கி வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் கடுகில் பாதி. பூதக்கண்ணாடிக்கு அடியில் இடுக்கியால் எடுத்து வைப்பேன். ஒரு தும்மல் போட்டால் காலையிலிருந்து பார்த்த வேலை தரையில் எங்கேயோ இருக்கும். காயிலை மாற்று, அள, கழற்று, வேறொன்றை வை, மறுபடி அள. வீட்டில் ரசத்துக்கு உப்புப் போட்டேனா என்று நினைவிருக்காது, எந்தக் காயிலுக்கு எவ்வளவு வந்தது என்பது மட்டும் மனப்பாடம். கடைசியில் பத்துக்கு ஆறு வந்தே விட்டது. மேஜையில் தனியாக உட்கார்ந்து கை தட்டிக்கொண்டேன்.

முதலாளி அதற்கு எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூஜை போட்டார். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் நின்றது. ‘பவர் எஃபிஷியன்சியில் புரட்சி’ என்று தலைப்பு, கீழே ஆளுயரத்துக்குக் கைகூப்பிய முதலாளி. அவருடைய சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓரத்தில் என் டிரான்ஸ்மிட்டர்.

ஐம்பது இடத்திலும் புது போர்டு மாட்டினார்கள். இருபத்தாறாவது நாள் போன் வந்தது.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். முதலாளி தளரவில்லை. “பத்தொம்பது இருபத்தாறு ஆயிருக்கா இல்லையா? ஏழு நாள் கூடியிருக்கு. இதே மாதிரி இன்னும் பத்து தடவை ஏத்துங்க, போதும்.”

“அப்படி ஏத்த முடியாது சார். நூறு பர்சென்ட் தாண்டாது.”

“ஏன் தாண்டாது? நம்ம ஷெட்ல போன வருஷம் டார்கெட்ட நூத்திப்பதினஞ்சு பர்சென்ட் முடிச்சாங்களே, அது எப்படி?”

இதற்கு பெங்களூரில் யாரும் எனக்குப் பதில் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

அப்போதுதான் விற்பனை மேலாளர் ஒரு விஷயத்தைச் சொன்னார். ஐம்பதில் ஒன்று மட்டும் சாகவில்லை. முப்பத்தொன்றாம் எண். ஜீயபுரத்தில் ஒரு அம்மாவின் தோட்டத்தில் இருப்பது. முதல் தடவையும் சாகவில்லையாம். புகார் வராததால் அதை யாரும் கவனிக்கவில்லை.

அதைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னேன். பதிலுக்கு வேறொன்றை அங்கே மாட்டினார்கள். வந்த போர்டை மூன்று நாள் வைத்து அளந்தேன். மற்ற எல்லாவற்றையும் போலத்தான் இருந்தது, ஒரு இழைகூட வித்தியாசமில்லை. அதை வேறொருவர் தோட்டத்துக்கு அனுப்பினேன். இருபத்தைந்து நாளில் செத்தது. அந்த அம்மாவின் தோட்டத்தில் புதிதாக மாட்டியதோ நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அப்படியானால் போர்டில் ஒன்றும் இல்லை, இடத்தில்தான் ஏதோ இருக்கிறது என்று முதலாளியிடம் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“இடமா?” என்று நிமிர்ந்தார். “அந்த அம்மா தோட்டத்துல எந்த மூலையில மாட்டியிருக்கு?”

விற்பனை மேலாளர் போன் போட்டு விசாரித்தார். வடகிழக்கு.

“ஈசான மூலை! நான் நெனச்சேன்,” என்று முதலாளி மேஜையைத் தட்டினார்.

அந்தச் சனிக்கிழமை ஆட்கள் போய் நாற்பத்தொன்பது கம்புகளையும் பிடுங்கி, நாற்பத்தொன்பது தோட்டங்களின் ஈசான மூலையில் நட்டுவிட்டு வந்தார்கள். ஒரு மாதத்துக்குள் நாற்பத்தொன்பதும் ஈசான மூலையில் செத்தன.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவுக்குப் போனில் சொல்லிவிட்டு நான் கிளம்பினேன். ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஜீயபுரத்துக்கு ஒரு பஸ். மொத்தம் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஏறக்குறைய ஒரு வருஷமாக அங்கே மாட்டுவதற்காகவே ஒரு பொருளை இழைத்துக்கொண்டிருந்தவள், ஒரு தடவைகூட அங்கே போனதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து இதை நினைத்தபோது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வாய்க்கால் ஓரம் நின்றிருந்தார்.

“நீங்கதான் மெஷின் மேடமா? வாங்க வாங்க. போன்ல கேட்டா வயசானவங்க மாதிரி இருந்துச்சு.”

தோட்டத்து மூலையில் கம்பு. அதில் நான் வடிவமைத்த பிளாஸ்டிக் டப்பா வாழைநாரால் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் ஒழுங்காக இருந்தது.

“நல்லா ஓடுதாக்கா?”

“அது பாட்டுக்கு ஓடுதுங்க. ஆனா அந்தப் பெட்டி குடுத்தீங்க பாருங்க, அதுதான் அருமை.”

“எந்தப் பெட்டி?”

மரத்தடிக்குக் கூட்டிப்போனார். அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு இரும்புப் பெட்டி. தடிமனான தகடு, கீல், கொக்கி, மூடியில் எங்கள் கம்பெனியின் பெயர் புடைப்பெழுத்தில். நான் அதைப் பார்த்ததே இல்லை. அவர் கொக்கியை விலக்கித் திறந்தார். உள்ளே ஒரு தூக்கில் தயிர்சாதமும், பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் நார்த்தங்காயும் இருந்தன.

“நாய்த் தொல்லை தாங்க முடியலைங்க. சோத்தக் கொண்டாந்து வெச்சுட்டு அந்தண்ட போனா, தூக்கோட இழுத்துட்டுப் போயிடும். உங்க பெட்டி வந்ததுலேருந்து நிம்மதி. நல்ல கனம், ஒரு நாயாலயும் அசைக்க முடியல. இதுக்குள்ள ஒரு சின்ன டப்பா இருந்துச்சு. எதுக்கோன்னு அதை மட்டும் எடுத்து கம்புல கட்டிட்டேன். மறுபடி புதுசு மாட்ட வந்த தம்பிகிட்டயும் அப்படியே கட்டிடுன்னு சொல்லிட்டேன்.” என் முகத்தைப் பார்த்தார். “தப்பா மேடம்?”

பக்கத்துத் தோட்டத்துக்குப் போகலாமா என்று மட்டும் கேட்டேன்.

அங்கே கம்பில் அதே இரும்புப் பெட்டி, கொக்கி போட்டுப் பத்திரமாக. அதற்கு முந்தின வாரம்தான் பேட்டரி மாற்றியிருந்தார்கள். மூடியைத் திறந்து உள்ளே இருந்த டப்பாவைத் தொட்டேன். லேசாகச் சுட்டது. அரைமணிக்கு ஒரு தடவை கண் விழித்துவிட்டுத் தூங்க வேண்டிய சாமான் ஏன் சுட வேண்டும்? மூடி திறந்திருந்த சில நொடிகளில், சோதனைக்காக அன்று இணைத்துக்கொண்ட என் போனில் செய்தி வந்து விழுந்தது. அனுப்பும் பொத்தானை நானே அழுத்திப் பார்த்தேன். அழுத்திவிட்டு மூடியைச் சாத்தினால் செய்தி இல்லை. திறந்தால் உடனே வந்தது. நான்கைந்து தடவை செய்தேன்.

“என்னங்க மேடம், தெறந்து தெறந்து மூடறீங்க?” என்றார் அந்த அம்மா.

ரேடியோ அலை இரும்புச் சுவரைத் தாண்டிப் போகாது. பெட்டியின் அடியில் கம்பிக்காகப் போட்ட ஓட்டை வழியாக எப்போதாவது கொஞ்சம் கசிந்திருக்கிறது. பதில் வராததால், ஒரு மெசேஜும் மிஸ் ஆகக்கூடாது என்ற உத்தரவுப்படி, டிரான்ஸ்மிட்டர் ராப்பகலாக அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. என் நான்கு மாத உழைப்பின் பலன், அது இரும்போடு பேசப் பழைய போர்டைவிடக் குறைந்த பேட்டரி செலவானதுதான். அந்தக் கூடுதல் ஏழு நாள் அங்கிருந்து வந்தது. வாழைகளுக்கு நடுவில் நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்குச் சிரிப்பு மட்டும் காரணமில்லை.

விற்பனை மேலாளருக்குப் போன் செய்தேன்.

“இரும்புப் பெட்டி யார் சொல்லி வெச்சீங்க?”

“எம்.டி.யே டிசைன் பண்ணினார் மேடம். ‘பொருள் கனமா இருக்கட்டும்’னார். ஷெட்லேருந்து நேரா வண்டியில ஏத்தியாச்சு.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“பெட்டி மெக்கானிக்கல் இல்லையோ மேடம்? நீங்க எலக்ட்ரானிக்ஸ்.” அவர் குரலில் கள்ளமே இல்லை.

மறுநாள் காலை ஷெட்டிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மூச்சிரைக்க, முதலாளி அறைக்குப் போனேன். ஏதாவது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி காட்டினால்தான் நம்புவார் என்று இரவே யோசித்து வைத்திருந்தேன். என் செல்போனை உள்ளே வைத்துக் கொக்கியைப் போட்டேன்.

“எனக்கு ஒரு போன் போடுங்க சார்.”

போட்டார். பெட்டிக்குள்ளிருந்து கணீரென்று மணி அடித்தது. எங்கள் கட்டடத்துக்கு எதிர்மாடியில் செல்போன் டவர் நிற்பதை நான் மறந்துபோயிருந்தேன். அவ்வளவு பக்கத்தில் என்றால் ஓட்டை வழியாக நுழைவது போதுமே.

“நல்லாத்தானேம்மா அடிக்குது?” என்றார் முதலாளி, என்னைப் பரிதாபமாகப் பார்த்து.

டவரையும் தூரத்தையும் விளக்க ஆரம்பித்தேன். அவர் கை பெட்டியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது. மழமழவென்று தேய்த்த வெல்டிங். எத்தனை ஞாயிற்றுக்கிழமை அதன் மேல் குனிந்து நின்றிருப்பார் என்று அப்போது தோன்றியது. நான் காயிலோடு உட்கார்ந்திருந்த மாதிரியேதான். பத்துக்கு ஆறு வந்தபோது நான் கை தட்டிக்கொண்டேன். கொக்கி சரியாக விழுந்தபோது அவரும் தட்டியிருப்பார். நான் விளக்கத்தை நிறுத்தினேன்.

“சார், ஜீயபுரத்துல அந்த அம்மா உங்க பெட்டிய ரொம்பப் பாராட்டினாங்க.”

கை நின்றது. “அப்படியா? என்ன சொன்னாங்க?”

“நல்ல கனமாம். நாயால அசைக்கவே முடியலையாம். சாப்பாடு வெக்கறதுக்கு இந்த மாதிரி ஒண்ணு கெடைக்கவே கெடைக்காதாம்.”

அவர் முகம் மலர்ந்தது. பிறகு, “ஒண்ணு பண்ணலாமே. பெட்டிய தனியா குடுத்துடுவோம். உங்க டப்பாவ வெளியில மாட்டிக்கங்க,” என்றார், எனக்கு ஒரு சலுகை கொடுப்பதுபோல.

அத்தோடு பிரச்சினை தீர்ந்தது. அனுப்புவதை மூன்று தடவையோடு நிறுத்தினேன். பக்கத்தில் இருக்கும் தோட்டங்கள் கத்தத் தேவையில்லை, பதில் பலமாக வந்தால் மெதுவாகப் பேசினால் போதும் என்று டிரான்ஸ்மிட்டருக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஆம்ப்ளிஃபையரில் நான்கு மாதத்தில் செய்ததைவிட இது பல மடங்கு மிச்சம் பிடித்தது. எழுத ஆன நேரம் ஒரு மதியம். பேட்டரிகள் மாதக்கணக்கில் ஓட ஆரம்பித்தன. ஆயுதபூஜை அன்று ‘ஆம்ப்ளிஃபையர் எஃபிஷியன்சிக்காக’ எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். ஷெட்டிலேயே செய்தது. அதை வீட்டுக்கு எடுத்துப்போக ஆட்டோ பிடிக்க வேண்டியிருந்தது.

ஒரு வருஷம் தாண்டியும் ஓடும் முதல் கருவியைப் பார்க்க மறுபடி ஜீயபுரம் போனேன். அதே அம்மாவின் தோட்டம்தான். போய்ப் பார்த்தால் வாழையே இல்லை. தார் வெட்டி, அடியைத் தோண்டி எடுத்து, நெல் நட்டிருந்தார். முழங்கால் தண்ணீரில் என் கம்பு நின்றது. ஈரம் நூற்றுக்கு நூறு, ஈரம் நூற்றுக்கு நூறு என்று அரைமணிக்கு ஒரு தடவை, மிகக் குறைந்த செலவில், அது தவறாமல் அறிவித்துக்கொண்டிருந்தது.

“இது எப்ப மேடம் சாகும்?” என்றார் அந்த அம்மா.

“ஏன்க்கா?”

“பெரியவன் சிங்கப்பூர்ல இருக்கான்ல, அவன் போன்லயும் இது வருது. தெனம் கூப்புட்டு, ‘அம்மா, ஈரம் ஜாஸ்தியா இருக்கு, தண்ணிய வடிச்சு விடு’ங்கறான். நெல்லு போட்டிருக்கேன்டான்னா காதுல வாங்க மாட்டேங்கறான். மெஷின் சொல்லுதாம்.”

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினேன். டப்பாவைத் திறந்து பேட்டரியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். கால் கழுவி, அவர் கொடுத்த மோரைக் குடித்து முடிப்பதற்குள் அவருடைய போன் அடித்தது. எடுத்துக் கேட்டார். முகத்தைச் சுளித்தார்.

“சிக்னல் வரலையாம். கம்பெனிக்குச் சொன்னியான்னு கேக்கறான். இந்தாங்க, நீங்களே பேசுங்க,” என்று போனை என்னிடம் நீட்டினார்.